உடற்பருமன்: காரணமும் கேடும் மருத்துவமும்

மெலிந்த ஒருவரைக் காணும்போது, "உடம்புக்கு ஏதேனும் ஆயிற்றோ?" என இரக்கத்தோடு வினவுகின்றோம். பருத்த ஒருவரைக் காணும்போதோ இரக்கம் தோன்றுவதில்லை, நகைப்பே தோன்றுகின்றது. நாடகத்திலே கோமாளி வேடத்திற்குப் பருத்தவரையே தேடுகின்றனர். வகுப்பறையிலே பருத்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் சூட்டுவதற்கு மாணவர் ஒரு வாரந்தானும் பொறுப்பதில்லை. ஆசிரியருட் சிலரும் அப்பெயராலேயே அழைத்து மகிழ்தலுண்டு. மெலிவு நோயாகவும் பருமன் குணக்குற்றமாகவும் நம்மாற் கருதப்பட்டு வருகின்றன. வாயைக் கட்டாதவன், உடலை வளைக்காதவன் என்பதே பருத்தவன்மீது உலகம் சாட்டும் குற்றம். இக்குற்றச்சாட்டு எத்துணைப் பொருந்தும் என்பதை இக்கால மருத்துவ ஆராய்ச்சிகளின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும். பழிக்கு அஞ்சி வைத்தியரிடஞ் செல்லாது நாட்கழிப்போர் பலர். அங்ஙனம் கழியும் காலத்திலேதான் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் ஓசையின்றி வேரூன்றுகின்றன. ஆதலின் இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டாராய்ச்சி அன்று.

பருமனை நோயாகக் கொள்ளுதல் மேனாட்டார் புதிதாகக் கண்ட கொள்கையன்று. ஆயுள்வேத நூலாகிய சரக சங்கிதை, சூத்திரத்தானத்தின் 21ஆம் அத்தியாயத்தில் எண்வகை உடற்குறைகளைக் கூறி, அவற்றுள் மிகப் பருத்தலையும் மிக மெலிதலையும் தனித்தெடுத்து விரிக்கின்றது. மிகையூண், நெய்ப்பும் இனிப்பும் மிக்க உணவு, உடற்பயிற்சியின்மை, பகலுறக்கம், கவலையின்மை ஆகியவற்றைப் பருமனுக்குக் காரணமாக எண்ணும் அந்நூல், அவற்றோடு வித்தின் இயல்பையும், அஃதாவது பெற்றோர்வழி வருந் தன்மையையும், ஒரு காரணமாகச் சேர்த்திருப்பது வியந்து போற்றத்தக்கது. மெலிந்தவனைக் காட்டிலும் பருத்தவனுக்கு மருத்துவஞ் செய்தல் அரிது என்பதும் அதன் துணிபு. கவலையின்மை பற்றிய கருத்தை மட்டும் இக்காலத்தார் எளிதில் ஏற்கார். கவலை மிகுந்து உண்போரையும் நாம் காண்கின்றோம் அன்றோ?

இனிப் பருமனை எங்ஙனம் அளப்பது என்பதை நோக்குவோம். பெல்சிய நாட்டுக் கணித வல்லுநர் அடோல்ப் கெற்லே என்பார், வளர்ந்தோரின் நிறை அவர்தம் உயரத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறுகின்றது என்பதை 1832இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்க அறிஞர் அன்சல் கீஸ் 1972இல் அவ்வளவைக்கு உடற்றிணிவுச் சுட்டி எனப் பெயரிட்டார். கிலோகிராமிற் கூறிய நிறையை மீற்றரிற் கூறிய உயரத்தால் இருமுறை வகுத்தால் அச்சுட்டி பெறப்படும். 1.60 மீற்றர் உயரமும் 64 கிலோகிராம் நிறையும் உடைய ஒருவரின் சுட்டி 25 ஆகும். 25ஐ எட்டினால் மிகைநிறை என்றும், 30ஐ எட்டினாற் பருமன் என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. ஆயின் அவ்வெல்லைகள் பெரிதும் ஐரோப்பிய மக்களைக்கொண்டு வகுக்கப்பட்டவை. அந்நிறுவனத்தின் அறிஞர் குழு 2004இல் வெளியிட்ட கருத்தின்படி ஆசிய மக்கள் சுட்டி 23ஐ எட்டும்போதே விழிப்படைதல் வேண்டும், 27.5 அவர்க்கு மிக்க இடர் தரும் எல்லை.

இவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்கும் படமொன்று 2004இல் இலண்டன் மருத்துவ ஏடாகிய 'லான்செற்'றில் வெளிவந்தது. அதில் இருவர் அருகருகே நிற்கின்றனர். ஒருவர் பூனாவைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியர் யாஜ்னிக்; மற்றவர் இலண்டனைச் சேர்ந்த பேராசிரியர் யுட்கின். இருவருடைய உடற்றிணிவுச் சுட்டியும் 22.3. இருவரும் மெலிந்தவரே. ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினிடம் 9.1 நூற்றுவீதமும், யாஜ்னிக்கிடம் 21.2 நூற்றுவீதமும் காணப்பட்டன! சட்டைக்குள் மறைந்த இக்கொழுப்பைத் தராசு காட்டாது. தென்னாசியருக்குத் தசை குறைவு, கொழுப்பு மிகுதி. அக்கொழுப்பும் பெரும்பாலும் வயிற்றிலே தங்குகின்றது. ஆதலின் நமக்குத் தராசினும் தையற்காரரின் அளவுநாடா நம்பத்தக்கது. தென்னாசிய ஆடவருக்கு இடைச்சுற்று 90 சென்ரிமீற்றரையும், பெண்டிருக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டுதல் எச்சரிக்கை என்பர். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே வந்த நடுவயதினரை நாம் 'வசதியான தோற்றம்' என்று மெச்சுகின்றோம். மெச்சத்தக்கது அதில் யாதும் இல்லை.

இந்நிலை பிறக்குமுன்னரே தொடங்கிவிடுகின்றது என்பதே யாஜ்னிக்கின் ஆராய்ச்சி உணர்த்தும் செய்தி. பூனாவில் அவர் ஆராய்ந்த பச்சிளங் குழவிகளின் சராசரி நிறை 2.7 கிலோகிராம், இங்கிலாந்தின் சவுதாம்ரனில் அது 3.5 கிலோகிராம். நம்மவர் குழவிகள் தசையிலும் உள்ளுறுப்புகளிலும் குறைந்திருந்தனவே அன்றிக் கொழுப்பில் அத்துணைக் குறைந்தில. கருவிலே ஊட்டங் குன்றிய உடல் பஞ்சத்தை எதிர்நோக்கிச் சேமிக்கப் பழகிவிடுகின்றது போலும். ஒல்லாந்தில் 1944-45இற் பஞ்சம் நேர்ந்தபோது, கருக்காலத்தின் முற்பகுதியில் அதற்கு இலக்காகிப் பிறந்த ஆண்களிடையே 19 வயதிற் பருமன் மிகுந்திருந்தமை 1976இற் கண்டறியப்பட்டது. பசித்த தாயின் பிள்ளை பின்னாளிற் பருத்தல் முரணாகத் தோன்றினும், சேமித்துவைக்கும் உடலுக்கு உணவு தாராளமாய்க் கிடைக்குங்கால் வேறு யாது நிகழும்?

உண்ட சக்தி செலவிட்ட சக்தியை விஞ்சினால் எஞ்சியது கொழுப்பாய்த் தங்கும் என்பது பௌதிக விதி. அதனை எவரும் மறுக்கவியலாது. ஒரு கிராம் சீனி 4 கிலோகலோரியும் ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரியும் தருவன. நாளொன்றுக்கு ஆறு கோப்பைத் தேநீர் அருந்துவோர், கோப்பைக்கு இரு கரண்டியாக 60 கிராம் சீனி கொள்வராயின், 240 கிலோகலோரியைத் தாம் உண்டதாக எண்ணாமலே உண்கின்றனர். அதனைச் செலவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடத்தல் வேண்டும். எனினும், வரவு செலவுக் கணக்கைக் கூறிவிட்டாற் காரணத்தைக் கூறிவிட்டதாகாது. ஒருவர் ஏன் மிகுதியாக உண்கின்றார், மற்றவர் ஏன் வயிறு நிறைந்ததும் நிறுத்திவிடுகின்றார் என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை எலிகளிடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் 1949ஆம் ஆண்டளவில், அடங்காப் பசியோடு பருத்துக் கொழுத்த எலிக்குலமொன்று தோன்றியது. பின்னர் அங்கு டக்ளஸ் கோல்மன் என்னும் அறிஞர், அத்தகைய எலியொன்றையும் இயல்பான எலியொன்றையும் குருதியோட்டத்தால் இணைத்துப் பார்த்தார். பருத்த எலி உண்பதைக் குறைத்து மெலியத் தொடங்கியது. இயல்பான எலியின் குருதியிலே போதும் என உணர்த்தும் ஏதோவொரு பொருள் உண்டு என அவர் முடிவு செய்தார். 1994இல் நியூயோர்க்கின் றொக்பெலர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் அதற்குரிய பரம்பரையலகைக் கண்டனர். அப்பொருளுக்கு லெப்ரின் என்று பெயர். கொழுப்புக் கலங்கள் அதனைச் சுரக்கின்றன. மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் சிறுபகுதி அதன் அளவை அறிந்து பசியை ஆள்கின்றது. கொழுப்பு, நாம் எண்ணியிருந்ததுபோல் வாளாகிடக்கும் சுமையன்று; மூளையோடு ஓயாது பேசும் உறுப்பு.

மனிதரிடத்தும் இஃது உண்மையாதல் 1997இற் புலனாயிற்று. பாகிஸ்தானியக் குடும்பமொன்றைச் சேர்ந்த இரு பிள்ளைகளை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஆராய்ந்தனர். எட்டு வயதுச் சிறுமியின் நிறை 86 கிலோகிராம்; அவளுடைய உறவுமுறைச் சிறுவன் இரண்டு வயதில் 29 கிலோகிராம். இருவர் உடலிலும் லெப்ரின் சுரக்கவில்லை. அவர்களுடைய மூளை, உடல் பட்டினி கிடக்கின்றது என்றே எந்நேரமும் கருதியது. ஒன்பது வயதில் அச்சிறுமிக்கு நாடோறும் லெப்ரின் ஊசிமருந்து ஏற்றப்பட்டது, பசி அடங்கியது, ஓராண்டில் 16 கிலோகிராம் குறைந்தது. ஊசியேற்றுவதற்கு முந்திய நாள் அவளுக்கு வாயடக்கம் பற்றி உபதேசித்திருந்தால் அதனால் விளையும் பயன் யாது? இத்தகைய குறைபாடு மிக அரிது என்பதையும் கூறல்வேண்டும். பருத்தோருட் பெரும்பாலாரிடம் லெப்ரின் மிகுதியாகவே உளது. மூளை அதன் குரலைக் கேளாததே அவர்தம் இடர். ஆதலின் அவர்க்கு அம்மருந்து பயன்படவில்லை.

பரம்பரையின் வலிமையை வேறொரு வழியாலும் அறிந்துள்ளனர். டென்மார்க்கிற் சுவீகாரஞ் சென்ற 540 பேரை ஆராய்ந்து ஸ்ரங்கர்ட் என்பார் 1986இல் வெளியிட்ட முடிவு, அவர்தம் உடல்நிலை வளர்த்த பெற்றோரை ஒத்திராது ஈன்ற பெற்றோரையே ஒத்திருந்தது என்பதாம். உண்டது வளர்த்தோர் வீட்டுச் சோறு, உடல்வாகு ஈன்றோருடையது.

இனி, நிறையைக் குறைத்தவர் மீண்டும் பருப்பதற்கும் மனத்திண்மையின்மையே காரணம் என்பர். இதற்கு விடையை அன்சல் கீஸ் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் 1944-45இல் நடத்திய பட்டினிச் சோதனையிற் காணலாம். தாமே முன்வந்த, நலமிக்க இளைஞர் 36 பேர் ஆறு திங்கள் அரைவயிற்றுணவு உண்டு, தம் நிறையில் நாலிலொரு பங்கை இழந்தனர். அவர்தம் நாடித்துடிப்புத் தாழ்ந்தது, உடல் குளிர்ந்தது, எந்நேரமும் உணவையே நினைந்தனர், சமையற் புத்தகங்களைச் சேர்த்து வாசித்தோரும் உளர். பட்டினி தீர்ந்தபின் கட்டுக்கடங்காது உண்டு, முன்னிருந்ததிலும் மிகுதியான கொழுப்பைப் பெற்றனர். இவருள் ஒருவரேனும் முன்னர்ப் பெருந்தீனி உண்டவர் அல்லர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிறைகுறைப்புப் போட்டியிற் கலந்த 14 பேரை ஆறாண்டு கழித்துச் சோதித்து 2016இல் வெளியிட்ட முடிவும் இத்தகையதே. பெரும்பாலார் மீண்டும் பருத்திருந்தனர். எனினும் ஓய்வுநிலையில் அவருடல் செலவிட்ட சக்தி, எதிர்பார்க்கத்தக்கதிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி குறைந்திருந்தது. உடல், இழந்த கொழுப்பை மீட்கும்வரை ஓய்வதில்லை.

பரம்பரையே எல்லாம் என்று கொள்ளலுமாகாது. பரம்பரையலகுகள் இரு தலைமுறையில் மாறிவிடா. ஆனால் 2022ஆம் ஆண்டளவில் உலகிற் பருத்தோர் தொகை 100 கோடியைக் கடந்துவிட்டது. மாறியது நம் சூழல். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் 2019இல் 20 பேரைத் தங்கவைத்து, இரு கிழமை ஆலையிற் பதப்படுத்திய உணவும், இரு கிழமை இயற்கை உணவும் வேண்டியமட்டும் உண்ணவிட்டார். சீனி, கொழுப்பு, நார் முதலியன இருவகையிலும் ஒத்த அளவில் வைக்கப்பட்டிருந்தும், ஆலையுணவை உண்டபோது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி மிகையாக உண்டு, ஒரு கிலோகிராமளவு நிறை கூடினர். உறைகளில் அடைத்த பிஸ்கற்றும் நொறுக்குத் தீனியும் போத்தல்களில் அடைத்த மென்பானமும் நம் மாணவரின் இடைவேளை உணவாகிவிட்ட நிலையை இதனோடு ஒப்புநோக்குக. இலங்கையில் 2016இல் மென்பானப் போத்தல்களுக்குச் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறிகள் கட்டாயமாக்கப்பட்டமை நற்செயலே. சிவப்புக் குறியைக் கண்டு போத்தலைத் திருப்பிவைத்த மாணவரை யான் இன்னுங் காணவில்லை.

உடலுழைப்பின்மையும் சூழலின்பாற்பட்டதே. பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு, அது விட்டதும் மற்றொரு வகுப்பு என ஓடும் பிள்ளைக்கு விளையாட்டிடம் தொலைவிலன்று, நேரந்தான் தொலைவு. இலண்டன் பேருந்துகளில் அமர்ந்தே பணிபுரியுஞ் சாரதியரினும், மாடிப்படி ஏறியிறங்கும் நடத்துநர்க்கு மாரடைப்புக் குறைவு என்று ஜெறி மோறிஸ் 1953இல் வெளியிட்ட ஆராய்ச்சி புகழ்பெற்றது. அவர் குழுவினர் பின்னர் அப்பணியாளரின் சீருடைக் கணக்கேடுகளை எடுத்துப் பார்த்தபோது, சாரதியரின் காற்சட்டை இடை, வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே பெரிதாயிருந்தது! ஆகவே அமர்ந்த தொழில் மட்டுமே காரணம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டவியலாது என அவர்களே 1956இல் எடுத்துக்காட்டினர். இவையன்றித் துயிற்குறைவு, தைரொயிட்டுச் சுரப்பிக் குறைவு, ஸ்ரீறோயிட்டு மருந்துகள், மனநோய்க்கு வழங்கும் சில மருந்துகள் ஆகியனவும் நிறையைக் கூட்டவல்லன.

பருமனால் விளையுங் கேடுகளுள் முதன்மையானது நீரிழிவு. தோலின்கீழ் உள்ள கொழுப்புக் கலங்கள் நிறைந்தபின், எஞ்சிய கொழுப்பு ஈரல், சதையி, தசை என்பவற்றிற் படிகின்றது. அங்ஙனம் படிந்த உறுப்புகள் இன்சுலினின் ஏவலுக்குப் பணிவதில்லை. சதையி மேன்மேலுஞ் சுரந்து ஈற்றிற் களைத்துப்போகின்றது. தோலின்கீழ்க் கொழுப்பைச் சேமிக்கும் இடம் நம்மவர்க்குச் சிறிது என்பதும், அது விரைவில் நிறைந்து வழிகின்றது என்பதும் அறிஞர் கருத்து. 'எனக்கு உடம்பு இல்லையே, எங்ஙனம் நீரிழிவு வந்தது?' என வினவுவோர்க்கு விடை இதுவே. உயர் குருதியமுக்கம், மாரடைப்பு, பாரிசவாதம், பித்தப்பைக்கல், முழங்கால் மூட்டுத் தேய்வு ஆகியன யாவரும் அறிந்தவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2016இல் 13 வகைப் புற்றுநோய்கள் மிகைக் கொழுப்போடு தொடர்புடையன எனக் கணித்தது. மாதவிடாய் நின்ற பெண்டிரின் மார்பகப் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் அவற்றுள் அடங்கும். கொழுப்பிழையம் ஈஸ்ரசன் என்னும் ஓமோனை உண்டாக்குதல் அதற்கு ஒரு காரணம். உறக்கத்தில் மூச்சடைக்கும் நோயைச் சார்ல்ஸ் டிக்கின்ஸ் வாசித்தோர் அறிவர். 'பிக்விக்'கில் வரும் ஓயாது உறங்கும் பருத்த பையனின் நினைவாகப் பருமனால் மூச்சுத் தளரும் நோயொன்றுக்கு 1956இற் பெயரிட்டனர். வகுப்பில் உறங்கிவிழும் பருத்த மாணவன் இரவிலே குறட்டை விடுகின்றானா என்று, அவனைக் கண்டிக்குமுன் பெற்றோரிடம் வினவிப் பார்த்தல் நன்று.

மருத்துவத்தை நோக்குவோம். உணவும் நடையும் இன்றும் முதற்படியே. இங்குச் சிறு குறைவும் பெரும்பயன் தரும் என்பதை மறத்தலாகாது. அமெரிக்காவில் 3,234 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, நிறையில் 7 நூற்றுவீதத்தைக் குறைத்து, கிழமைக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்தலை இலக்காகக் கொண்டோரிடையே நீரிழிவு 58 நூற்றுவீதங் குறைந்தது. மெற்போமின் மருந்தாற் குறைந்தது 31 நூற்றுவீதமே. 80 கிலோகிராம் நிறையுடையார்க்கு 7 நூற்றுவீதம் என்பது ஆறு கிலோகிராமிலும் குறைவு. பிரித்தானியாவில் 2017இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, மருத்துவர் மேற்பார்வையிற் கடும் பத்தியம் கொண்ட நீரிழிவாளருட் பாதியளவினர் ஓராண்டில் மருந்தின்றியே நோய் நீங்கியிருந்தமையைக் காட்டிற்று. அதுவரை நீரிழிவு தீராநோய் என்றே யாவருங் கூறிவந்தோம்.

மருந்துகளின் வரலாறோ நெடுங்காலம் அச்சந் தருவதாகவே இருந்தது. 1930களில் வழங்கிய டைநைத்திரோபீனோல் என்னும் இரசாயனம் நிறையைக் குறைத்தது; கண்களிற் புரைபடியச் செய்தது; சிலரைக் கொன்றும் விட்டது. பென்புளூறமீன் இருதய வால்வுகளைக் கெடுத்தமையால் 1997இல் விலக்கப்பட்டது. சிபுற்றமீன் 2010இல் அவ்வழியே சென்றது. இன்று விளம்பரங்களில் வரும் பெயரறியாத 'மெலிவுப் பொடி'களை வாங்குவோர் இவ்வரலாற்றை நினைத்தல் வேண்டும்.

அண்மைக்காலத்தில் இந்நிலை மாறியுள்ளது. உணவுண்டபின் குடலிற் சுரந்து, மூளைக்கு நிறைவை உணர்த்தும் ஜீ.எல்.பீ.-1 என்னும் ஓமோன் உடலிற் சில நிமிடமே நிலைக்கும். அதனையொத்து நெடுநேரம் நிலைக்கும் பொருளொன்றை ஜோன் எங் என்பார் 1992இற் கீலா என்னும் நச்சுப் பல்லியின் நஞ்சிற் கண்டார். அதன்வழி 2005இல் நீரிழிவு மருந்தொன்று பிறந்தது. பின்னர் மனித ஓமோனையே சிறிது மாற்றியமைத்த செமாகுளூரைட் என்னும் மருந்து கிழமைக்கொருமுறை ஊசியாக வந்தது. 2021இல் வெளியான சோதனையில் 68 கிழமைகளில் நிறை சராசரியாக ஏறத்தாழ 15 நூற்றுவீதங் குறைந்தது. வெறுமருந்து பெற்றோர்க்குக் குறைந்தது 2.4 நூற்றுவீதம். 2023இல் வெளியான பிறிதொன்றில் இருதய நோயாளரின் மாரடைப்பு, பாரிசவாதம் முதலிய பெருங்கேடுகள் 20 நூற்றுவீதங் குறைந்தன. இம்மருந்தை ஏற்றோர் பலர், உணவைப்பற்றி இடைவிடாது எழும் எண்ணம் அடங்கிவிட்டது என்கின்றனர். மெலிந்தோர்க்கு இயல்பாகவே வாய்த்த அமைதி அது. அதனை நாம் அவர்தம் ஒழுக்கம் என்று மெச்சி வந்தோம். ஆயினும் குமட்டல், வாந்தி, பித்தப்பைக்கல் முதலிய இடர்களும் தசைக்குறைவும் நேர்தலுண்டு. விலையோ மிக அதிகம். மருந்தை நிறுத்திய ஓராண்டில், குறைந்த நிறையில் மூன்றில் இரு பங்கு மீண்டுவிட்டது. குருதியமுக்க மருந்தைப்போல் இதனையும் நெடுங்காலம் கொள்ள வேண்டியிருத்தல் கூடும்.

பருமன் மிக்கோர்க்குச் சத்திரசிகிச்சை உண்டு. இரைப்பையைச் சுருக்கிச் சிறுகுடலோடு மாற்றி இணைக்கும் முறையை அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் மேசன் 1966இற் தொடங்கினார். சிகிச்சைக்குப்பின் குடல் ஓமோன்களும் மாறுகின்றன. ஆதலாற் பசியே குறைகின்றது. சுவீடனில் 1987 முதல் நிகழ்ந்த ஆராய்ச்சி, இச்சிகிச்சை பெற்றோரிடையே இறப்புக் குறைந்தமையைக் காட்டியுள்ளது. விற்றமின்களையும் கனியுப்புகளையும் வாழ்நாள் முழுவதும் மருந்தாக உட்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளின் மருத்துவம் இவற்றினின்றும் வேறானது. அவர்தம் சுட்டியை வளர்ந்தோர் எல்லைகளோடு ஒப்பிடாது, வயதுக்குரிய வரைபடத்தோடே ஒப்பிடல்வேண்டும். வளரும் பிள்ளையின் நிறையைக் குறைத்தல் பெரும்பாலும் நோக்கமன்று. நிறை ஏறாது நின்றால், உயரம் வளர வளரச் சுட்டி தானே இறங்கும். பட்டினியும் கடும் பத்தியமும் வளர்ச்சியைக் கெடுக்கும். வைத்தியர் குருதிச் சீனி, குருதியமுக்கம், ஈரல் ஆகியவற்றையும், வளர்ச்சி குன்றியிருப்பின் தைரொயிட்டையும் சோதிப்பர். பிள்ளையை மட்டும் தனியே பத்தியத்தில் இருத்திவிட்டு, ஏனையோர் அதன் கண்முன்னே பொரித்ததையும் இனிப்பையும் உண்ணும் வீடுகளில் இச்சிகிச்சை பலிப்பதில்லை. வீடு முழுவதும் ஒரே உணவை உண்ணும்படி மாற்றுவதையே குழந்தை வைத்தியர் முதலிற் கேட்பர். சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கால் தாய்தந்தையரும் தம் இடைச்சுற்றை அளப்பித்துக்கொள்ளலாம்.